பச்சை வட்டம்

அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று பெரியவனுக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு அறைதான். மாடி வீடு. கீழே பல வருஷமாக ஷட்டர் இறங்கிக் கிடக்கும் ஒரு கடை. கூடம் அகலம், சமையலறை இருட்டு, குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கூடத்தின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அதன் கதவைத் திறந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான்கு சுவர்களிலும், கதவின் உள்பக்கத்திலும்கூட, முட்டை அடுக்கும் அட்டைகளை வரிசையாக ஆணியடித்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தெரு காணாமல் போனது. பழைய அட்டையும் ஈரமும் கலந்த வாசனை. அவன் மூச்சு அவனுக்கே யாரோ பக்கத்தில் நின்று மூச்சுவிடுவதுபோலக் கேட்டது.

"முன்னாடி இருந்தவர் விளம்பரத்துக்கெல்லாம் குரல் குடுக்கிறவர்," என்றார் வீட்டுக்காரர். அறைக்குள் வராமல் கூடத்திலேயே நின்றிருந்தார். "அருமையா பேசுவார். திடீர்னு குரல் போயிடுச்சு. காலி பண்ணிட்டார்."

"தொண்டையில ஏதாவதா?"

"டாக்டருங்க ஒண்ணும் இல்லன்னாங்க. வாயைத் திறப்பார், வெறும் காத்துதான் வரும்."

பெரியவனின் மனைவி சிரித்துவிட்டாள். "இவருக்கு அந்த மாதிரி ஆனா நம்ம தெருவே நிம்மதியா தூங்கும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பெரியவன் பத்திரிகை அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். ராத்திரி முழுக்க ஓடும் அச்சு இயந்திரத்துக்கு நடுவே பேசிப் பேசிப் பழகியதால், வீட்டில் உப்புக் கேட்டால்கூட எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கம்ப்யூட்டரில் அவனோடு துப்பாக்கிச் சண்டை விளையாடும் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் 'இடி'.

மொத்தம் நான்கு பேர், நான்கு ஊர். பல்லி, செல்போன் ரிப்பேர் கடைக்காரன். ஆட்டத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கடைசிவரை உயிரோடு இருப்பான். டீச்சர், உண்மையிலேயே கணக்கு டீச்சர். சுட்டுவிட்டு, "போய் உக்காரு" என்பார். நான்காவது ஆள் சின்னவன், பெரியவனின் கூடப் பிறந்த தம்பி. மருந்துப் பெட்டிகள் ஏற்றிப்போகும் குளிர்சாதன லாரி ஓட்டுகிறான். அம்மா போன பிறகு அண்ணன் தம்பியை ஒட்டவைத்திருந்தது இந்த விளையாட்டு ஒன்றுதான். நேரில் பார்த்தால் "சாப்டியா" என்பதற்கு மேல் பேச்சு வராது. காதில் ஹெட்போனை மாட்டினால் இரண்டும் சின்னப் பிள்ளைகளாகிவிடும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சின்னவன் நீண்ட ஓட்டம் போகும்போது மற்ற மூவரும் இணையத்தில் தாங்கள் பேசிக்கொள்ளும் குரல் அறையில் உட்கார்ந்து, அவன் கண் அசராதபடி வம்பளப்பார்கள். இதற்கு 'ரோட்டுக் காவல்' என்று பெயர். பெரியவன் திரையில் சாலை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திருப்பம் சொல்வான். ஆளாளுக்கு வழி சொன்னால் வண்டி பள்ளத்தில்தான் போகும் என்பதால் ஒரு சட்டமும் உண்டு. வண்டி ஓடும்போது வழி சொல்வது இடி மட்டும்தான். மற்றவர்கள் சொன்னாலும் சின்னவன் காதில் போட்டுக்கொள்ளக்கூடாது.

புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகலில், முட்டை அட்டை அறையில் பெரியவன் கம்ப்யூட்டர் மெஷினை வைத்தான். நால்வரும் அவரவர் ஊரிலிருந்தே ஆட உட்கார்ந்தார்கள்.

"இடியாரே, உங்க பின்னாடி யாரு முனகுறா?" என்றான் பல்லி.

"மின்விசிறிடா!"

"ஐயோ, கத்தாதீங்க. முதல்ல அதை நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"இன்னும் கேக்குதே," என்றார் டீச்சர். "யாரோ பேசுறதுக்கு முன்னாடி தொண்டையைச் சரிபண்ற மாதிரி."

"பழைய வீடு டீச்சர். குழாய் சத்தமா இருக்கும்."

கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பதென்றால் பல்லிக்கு வெல்லம் சாப்பிடுவது மாதிரி. "ஒரு வடிகட்டி இருக்கு, அனுப்புறேன். பட்டனை அழுத்திட்டு, திரையில வர்ற வரிகளை ஒரு நிமிஷம் சத்தமா படிங்க. உங்க குரலைக் கத்துக்கும். அப்புறம் அந்தக் குரலைத் தவிர வேற எது வந்தாலும் குப்பைன்னு தள்ளிடும்."

"டீ வடிகட்டி மாதிரியா?"

"அதேதான். டீ நீங்க. சக்கை உங்க வீடு."

பெரியவன் பட்டனை அழுத்தினான். அதே நேரம் வாசலில் மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். இவன் எழுந்துபோய்க் கேனை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். திரையில் பச்சை எழுத்தில், 'உங்கள் குரல் பதிவாகிவிட்டது. நன்றி' என்று இருந்தது.

அவன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இந்த இடத்தில் எந்த மனிதனும் பட்டனை இன்னொரு முறை அழுத்தியிருப்பான். ஆட்டக்காரன் அழுத்த மாட்டான். அடுத்த ஆட்டம் திறந்துகொண்டிருந்தது. "வா வா வா" என்று மூன்று பேரும் காதைத் துளைத்தார்கள். தண்ணீர்க்காரரிடம் பேசியதை எடுத்துக்கொண்டிருக்கும், நம் குரல்தான் ஊருக்கே கேட்குமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே குதித்துவிட்டான். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே கதவு சாத்தியிருந்தது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

"அடடே, என்ன இது!" என்றான் பல்லி. "இடி தூறலாயிடுச்சே. காதுல தேன் வந்து பாயுது!"

அன்று ஒருவராலும் அவர்களை அசைக்க முடியவில்லை. "சரியான நேரத்துல சொன்னீங்க, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒருத்தன் இருந்தான்!" என்று டீச்சர் கூவினார். பெரியவன் அப்போது பிஸ்கட் மென்றுகொண்டிருந்தான். சின்னவன் சொல்லியிருப்பான் என்று நினைத்தான். "அண்ணா, படிக்கட்டுக்குக் கீழ ஆள் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று சின்னவனே கேட்டபோது பெரியவன் கொஞ்சம் முழித்தான். பிறகு, யாருக்குத்தான் பாராட்டு கசக்கும், "அனுபவம்டா," என்று சொல்லிவைத்தான். அந்தப் பதில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

வாரங்கள் போயின. எந்த ஆட்டத்திலும் தோல்வியே இல்லை. ஆனால் பெரியவன் சொல்லும் ஜோக்குக்கு இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. அவன் சும்மா இருக்கும்போது மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இணைப்பு தாமதம், அதுதான் பேச்சும் சிரிப்பும் முன்பின்னாக வருகிறது என்று முடிவுகட்டினான். நம் குரல் மற்றவர் காதில் எப்படி விழுகிறது என்று நமக்குத் தெரியாதல்லவா? அவர்கள் பேசுவதுதான் அவன் ஹெட்போனில் வரும். அவன் குரல் வராது.

ஒரே ஒரு தடவை மட்டும் அவன் கவனித்தான். குரல் அறையில் யார் பேசினாலும் அவர் பெயரைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் எரியும். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தபோது அவன் பெயரைச் சுற்றி வட்டம் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. பல்லியிடம் கேட்க வேண்டும் என்று நினைத்து, ஆட்டச் சூட்டில் மறந்தும் போனான்.

பிறகு அந்த மழை வந்தது.

மூன்றாவது நாளாக விடாமல் கொட்டியதில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். டீச்சர் வீட்டில் இருந்தார். பல்லியின் கடைக்குள் தண்ணீர். பெரியவன் ஷிப்ட் முடித்து வந்து, மகளுக்கு டிவி போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தான். சின்னவன் விடியற்காலையிலேயே வண்டியை எடுத்திருந்தான். மழையில் கண்ணாடி துடைப்பான் அடிக்கும் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"அண்ணா, கண்ணு எரியுது. ஏதாவது பேசுங்க."

"உன் கல்யாணத்தைப் பத்திப் பேசலாமா?" என்றான் பல்லி.

"அதுக்குத் தூங்கிடறதே மேல்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவன் வரைபடத்தைத் திறந்தான். சின்னவன் போகும் பாதையில் ஆற்றுத் தரைப்பாலத்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. பாதை மூடல். தண்ணீர் பாலத்துக்கு மேல் ஓடுகிறது.

"சின்னவா, தரைப்பாலத்துப் பக்கம் போகாதே. அடுத்த கூட்டு ரோட்டுல இடது பக்கம் திரும்பி மேட்டு ரோட்டைப் பிடி."

"சரிண்ணா," என்றான் சின்னவன். "பாலம் கிளியர்னா அதுலயே போயிடறேன். சுத்து மிச்சம்."

பெரியவனுக்கு ஒரு நிமிடம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"டேய், பாலம் மூடியிருக்குடா! போகாதேன்னு சொல்றேன்!"

"நீ பாத்து சொன்னா போதும்ணா. எனக்கு எதிர்ல ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருக்கு."

பெரியவன் வாயை மூடினான்.

திரையில் அவன் பெயரைச் சுற்றிப் பச்சை வட்டம் எரிந்துகொண்டிருந்தது.

பேசுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் மங்கி, மறுபடி பிரகாசமாகி, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"சின்னவா!" என்று அவன் கத்தினான். அச்சு இயந்திரத்தையே அடக்கிய தொண்டை. அட்டைச் சுவர்கள் அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டன. பச்சை வட்டத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை. வடிகட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அது கற்றுக்கொண்ட குரலை அனுப்பியது. மற்றதைச் சக்கை என்று தள்ளியது.

கைபேசியில் தம்பியை அழைத்தான். தம்பி எடுத்தான்.

"ஹலோ? அண்ணா? ஹலோ?"

"வண்டியை நிறுத்துடா! அங்க பேசுறது நான் இல்ல!"

"ஹலோ? ஒண்ணுமே கேக்கல." அழைப்பு அறுந்தது. உடனே ஹெட்போனில் தம்பியின் சிரிப்பு. "ஓ, தெரியாம கை பட்டுடுச்சா? நான் பயந்தே போயிட்டேன். சரி சரி, நேராதானே?"

 எழுத்துகள் மாறி மாறி விழ, பெரியவன் குரல் அறையின் எழுத்துப் பகுதியில் தட்டினான்: 'அது நான் இல்லை. அவனை நிறுத்தச் சொல்லுங்கள்.'

"யாரு டைப் பண்றா?" என்றார் டீச்சர். பச்சை வட்டம் மறுபடி பிரகாசமானது. பிறகு அவர் சிரித்தார். "ஓ, பாப்பாவா? அவகிட்ட கீபோர்டைக் குடுத்துட்டு நீங்க வேலையைப் பாக்குறீங்களா இடி?"

அவனுக்குப் பின்னால், கழுத்துக்கு மிக அருகில், யாரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

அவன் திரும்பவில்லை. மின்சார இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினான். திரை இருண்டது. கைபேசியோடு படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி, தெருவில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு டீச்சரை அழைத்தான்.

"டீச்சர், நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதே. ஏன் இப்படி மூச்சு வாங்குது? என்ன மழைச் சத்தம் அது?"

கேட்டது. வீட்டுக்கு வெளியே அவன் குரல் அவனுடையதாகத்தான் இருந்தது. 

"மெஷினைப் பிடுங்கிட்டேன் டீச்சர். நான் தெருவுல நிக்கிறேன். அங்க பேசுறது நான் இல்ல."

 டீச்சர் இன்னொரு காதில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பிறகு அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இடி... நீங்க இன்னும் ரூம்ல பேசிட்டிருக்கீங்க."

"என்ன பேசுறேன்?"

"'கிளியர், நேரா வா'ன்னு. 'நேரா வா, நேரா வா'ன்னு சொல்லிக்கிட்டே..."

"அவனை நிறுத்துங்க டீச்சர்! பாலத்துமேல ஆறு ஓடுது!"

ரோட்டுச் சட்டம் டீச்சருக்கும் தெரியும். அவர் சொன்னால் சின்னவன் கேட்கக்கூடாது. விளக்கம் சொல்லவும் நேரமில்லை. அவர் செய்தது ஒன்றுதான். அறுபது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும் வகுப்புக்குள் நுழையும்போது போடுவாரே, அந்தச் சத்தம்.

"நில்லு!"

பெரியவன் காதே அடைத்துப்போனது. அதன்பிறகு மழை மட்டும் கேட்டது. நெடுநேரம் மழை மட்டும்.

"நின்னுட்டான்," என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் விசும்பி விசும்பி அழுதார். "நின்னுட்டான் இடி."

லாரியின் முன்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. சின்னவன் கதவைத் திறந்து குதித்ததில் கல்லில் வழுக்கி வலது கை ஒடிந்தது. கரையேறித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தவன் கத்தியும் கேட்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

ஆஸ்பத்திரியில் பெரியவன் எல்லாவற்றையும் சொன்னான். சின்னவன் மாவுக்கட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குரல் வந்த அதே போன் தலையணைமேல் சார்ஜில் கிடந்தது.

"டீச்சரும் சொன்னாங்கண்ணா. நம்புறேன். ஆனா அது உன் குரல்தான். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா."

அந்த ஒரு வார்த்தைக்கே தம்பியின் தோள் சுருங்கியதைப் பெரியவன் பார்த்தான். லாரி போனதுகூட அவனுக்கு வலிக்கவில்லை, இது வலித்தது. அம்மா போன பிறகு மிச்சமிருந்தது இந்தக் குரல் ஒன்றுதான். அதைக் கேட்டுத் தம்பி பயப்படுகிறான்.

கடைசியில் சின்னவனே ஒரு வழி சொன்னான். "நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு வேணும்ணா. போன் பண்ணா முதல்ல அதைக் கேப்பேன். சரியா சொன்னாதான் பேச்சு. நம்ம பழைய சைக்கிள் பேரு ஞாபகம் இருக்கா?"

பெரியவன் சிரித்தான். கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டே ஓடும் அந்தச் சைக்கிளுக்கு இருவரும் வைத்த பெயர் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. குனிந்து, தம்பியின் காதில் மட்டும் சொன்னான்.

"கிழவி."

அந்த வாரமே வீட்டைக் காலிசெய்தார்கள். பல்லி நேரில் வந்து மெஷினில் இருந்ததையெல்லாம் ஒன்றுமில்லாமல் அழித்துக் கொடுத்தான். குரல் அறையையும் மூடினார்கள். புது வீட்டில் எல்லா அறைக்கும் ஜன்னல். அண்ணன் தம்பி பேச்சு இப்போது போனில்தான். "சைக்கிள் பேரு?" "கிழவி." "சொல்லுண்ணா." மாதக்கணக்கில் இப்படியே போய், அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. தம்பியின் சிரிப்பும் திரும்பி வந்தது. பெரியவன் மறுபடி நிம்மதியாகத் தூங்கினான்.

கை கூடியதும் சின்னவனுக்கு வேறொரு லாரி கொடுத்தார்கள். அவன் முதல் ஓட்டம் கிளம்பிய அன்று காலையிலிருந்தே தூறல். பெரியவன் சமையலறையில் நின்று சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாய் நிறையத் தண்ணீரோடு எடுத்துக் காதில் வைத்தான்.

கண்ணாடி துடைப்பானின் சத்தம்.

"சைக்கிள் பேரு என்னண்ணா?"

இரு, விழுங்கிக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினான். போனில் கையைக் காட்டி என்ன பயன்?

சின்னவன் சிரித்தான். "கரெக்ட். இங்க ரெண்டு ரோடு பிரியுதுண்ணா, ஒண்ணுமே தெரியல. எந்தப் பக்கம் திரும்பட்டும்?"

பெரியவன் தண்ணீரைத் துப்பினான்.

"திரும்பாதே! நில்லு!"

கத்தினான். கழுத்து நரம்பு புடைக்க, அச்சகத்துத் தொண்டை முழுவதையும் கொடுத்துக் கத்தினான். அடுப்பின் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், மனைவி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிண்ணா," என்றான் சின்னவன். "அப்படியே போறேன்."